முப்பது நாள் கணக்கு

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரின் தையல் சீழ் வைத்தால், அதை யார் எண்ணுகிறார்கள்?

அம்பாசமுத்திரத்தில் ஒரு நெல்லுக்குப் பெயர் கிடைப்பது எளிதல்ல. 1937 முதல் இங்கே இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு ரகம் வெளியே வருவதற்கு முன் பாத்தி பாத்தியாக நட்டு, தூர் எண்ணி, கதிர் எண்ணி, அறுத்ததை எடை போட்டு, பக்கத்துப் பாத்தியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். 1986-ல் வெளிவந்த அம்பை 16 அப்படி எண்ணப்பட்டுத்தான் விவசாயிகளின் கைக்கு வந்தது. ‘நன்றாக விளைகிறது’ என்று ஒருவர் சொன்னால் அங்கே எடுபடாது. எவ்வளவு விளைந்தது, எந்த மண்ணில், எதைவிடக் கூடுதலாக என்ற கேள்விகள் உடனே வரும். இதே தாமிரபரணிக் கரையில், வயிற்றைத் திறந்து பிள்ளை எடுத்த ஒரு தாயின் தையல் ஏழாம் நாள் சீழ் வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எந்த ஏட்டில் ஏறும்? நம் நாட்டின் பெரும்பாலான சிறிய, நடுத்தர மருத்துவமனைகளைப் பொறுத்தவரை, எந்த ஏட்டிலும் ஏறாது என்பதுதான் பதில். ஒரு பாத்தி நெல்லுக்குக் கொடுக்கிற கவனத்தை ஒரு தாயின் வயிற்றுத் தையலுக்கு நாம் இன்னும் கொடுக்கவில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பாக்டீரியா தொற்றுக்கு ஒரு கால அட்டவணை உண்டு. கத்தி படும் நேரத்தில் உள்ளே நுழைந்த கிருமி பெருகி, சிவப்பும் வலியும் சீழுமாக வெளியே தெரிவதற்குப் பொதுவாக ஐந்து முதல் பத்து நாள் ஆகும். சிசேரியன் ஆன தாய் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். விக்கிரமசிங்கபுரத்துக்கோ, கல்லிடைக்குறிச்சிக்கோ, கடையத்துக்கோ போய்ச் சேர்ந்த பிறகுதான் தையல் ‘சலம் வைக்கிறது’. அப்போது அவர் முதலில் போவது, அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் அல்ல. தெருமுனை மருந்துக்கடைக்கோ பக்கத்து கிளினிக்குக்கோ போகிறார். ஆன்டிபயாடிக் கிடைக்கிறது. ஆறாவிட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுகிறார். முதலில் கத்தி பிடித்தவர், தன் நோயாளி நலமாக இருக்கிறார் என்றே நம்பிக்கொண்டிருப்பார். இதில் ஒருவருடைய அலட்சியம் என்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. செய்தி திரும்பி வருவதற்கு ஒரு வழியே போடப்படவில்லை, அவ்வளவுதான். உலக மருத்துவ வழக்கப்படி, அறுவை நடந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வரும் தொற்றும், தகடோ செயற்கை மூட்டோ பொருத்தியிருந்தால் 90 நாள் வரை வருவதும் அந்த அறுவையின் கணக்கில்தான் சேர வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு ஆய்வு ஒன்று இந்த இடைவெளியின் அளவைக் காட்டியது. டெல்லி எய்ம்ஸ் விபத்துச் சிகிச்சை மையம், மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவமனை, மும்பை டாடா மெமோரியல் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களில் அறுவை சிகிச்சை பெற்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 161 பேருக்கு, அதாவது 5.2 சதவீதத்தினருக்கு, அறுவைக் காயத்தில் தொற்று வந்திருந்தது. அந்தத் தொற்றுகளில் 66 சதவீதம் வீடு திரும்பிய பிறகு தேடிப் பிடித்ததில்தான் தெரியவந்தன. ஆக, வார்டோடு எண்ணிக்கையை நிறுத்தியிருந்தால் மூன்றில் இரண்டு கண்ணில் பட்டிருக்காது. நாட்டின் முன்னணி நிறுவனங்களிலேயே நிலைமை இது என்றால், தாலுகா மருத்துவமனைகளையும் இருபது படுக்கை நர்சிங் ஹோம்களையும் பற்றி நாம் என்ன தெரிந்து வைத்திருக்கிறோம்? இந்தக் கட்டுரையின் வாதம் ஒன்றுதான்: அறுவைக்குப் பின் வரும் தொற்றைக் குறைக்கும் முதல் மருந்து, அதை 30 நாள் வரை எண்ணி, எண்ணியதை அறுவை செய்தவரிடமே திருப்பிச் சொல்வது. மற்ற மருந்துகளெல்லாம் அதற்குப் பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும்.

நான்கு மாற்றங்கள்

கணக்கு இப்போது அவசரமாவதற்குக் காரணம், ஒரே காலத்தில் நான்கு மாற்றங்கள் நடந்துகொண்டிருப்பது. முதலாவது, அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கை. தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் சிசேரியன் 2015-16 ஆய்வில் 34.1 சதவீதமாக இருந்தது. 2019-21 ஆய்வில் 44.9 சதவீதம் ஆகிவிட்டது. தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். நாட்டின் சராசரியோ 21.5 சதவீதம். ஒரு காலத்தில் ஆபத்துக்கு மட்டும் என்றிருந்த அறுவை, இன்று ஏறத்தாழ இரண்டு தாய்மாரில் ஒருவர் கடந்து வரும் வழியாகிவிட்டது. சிசேரியன் காயம் சிறியதல்ல, அதன் தொற்று அரிதானதும் அல்ல. இங்கிலாந்தில் 14 மருத்துவமனைகளில், வீடு திரும்பிய பின்னும் விடாமல் பின்தொடர்ந்து எண்ணியபோது 9.6 சதவீதத் தாய்மாருக்குத் தொற்று வந்திருந்தது. அவற்றில் பெரும்பகுதி தோலளவில் நின்றவை. ஆனாலும் பத்தில் ஒருவர் என்பது, யாரும் தேடிப் பார்க்கும் வரை அங்கும் தெரியாமல் இருந்த உண்மை.

இரண்டாவது மாற்றம் நோயாளியின் உடலில். காயம் ஆறுவதற்கு வேண்டியவை நல்ல ரத்த ஓட்டம், போதிய பிராணவாயு, விழிப்பான வெள்ளணுக்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் வெள்ளணுக்கள் கிருமியைத் துரத்துவதிலும் விழுங்குவதிலும் மந்தமாகின்றன. கொழுப்புத் திசுவில் ரத்தநாளம் குறைவு என்பதால், பருமனான வயிற்றின் தையலுக்கடியில் கிருமிக்கு நல்ல புகலிடம் கிடைக்கிறது. ரத்தசோகை உடலை வலுவிழக்கச் செய்து, அறுவையின்போது ரத்தம் ஏற்றும் தேவையையும் கூட்டுகிறது. புகை, நுண்ணிய நாளங்களைச் சுருக்குகிறது. இந்த நான்கும் நம்மிடம் நிறைய இருக்கின்றன. 2023-ல் வெளிவந்த தேசிய நீரிழிவு ஆய்வு, இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களில் 14.4 சதவீதம். குடும்பநல ஆய்வின்படி மாநிலத்தின் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை, 40.4 சதவீதத்தினருக்கு அதிக எடை. பீடி சுற்றும் ஊர்கள் சூழ்ந்த அம்பை, கடையம், முக்கூடல் பகுதியில் பீடி புகைக்கும் ஆண்களுக்கும் பஞ்சமில்லை. இவற்றோடு முதுமையையும், குடல் ஓட்டை விழுந்து கடைசி நேரத்தில் வந்து சேரும் அவசர அறுவைகளையும், இரண்டு மணி நேரத்தைத் தாண்டி நீளும் அறுவைகளையும் சேர்த்துக்கொண்டால், யாருடைய காயம் சீழ் வைக்க வாய்ப்பு அதிகம் என்பதை முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம்.

மூன்றாவது மாற்றம் கிருமியில். பழைய பாடநூல்களில் அறுவைக் காயத்தின் முதல் எதிரி தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ். இன்று இந்திய மருத்துவமனைகளின் கல்ச்சர் அறிக்கைகளில் அதோடு போட்டி போடுகின்றன ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினடோபாக்டர் போன்ற குடலையும் ஈரத்தையும் சார்ந்த கிருமிகள். இவற்றை அடக்குவது கடினமாகிக்கொண்டே வருகிறது. கடைசிக் கட்ட மருந்துகளில் ஒன்றான இமிபெனெமுக்கு 2016-ல் ஈ.கோலையில் 86 சதவீதம் பணிந்தது. 2021-ல் 64 சதவீதம்தான் பணிந்தது என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். கிளெப்சியெல்லாவில் அதே காலத்தில் 65 சதவீதம் 43 ஆகச் சரிந்தது. இதில் சென்னைக்கும் ஒரு பக்கம் உண்டு. மருந்தை முறியடிக்கும் என்டிஎம்-1 மரபணு பற்றி 2010-ல் வெளிவந்து உலகை அதிரவைத்த ஆய்வில் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் முன்னணியில் இருந்தார். சென்னையிலிருந்து மட்டும் அந்த மரபணு கொண்ட 44 கிருமி மாதிரிகள் பதிவாயின. இரண்டு ஆண்டுகள் கழித்து, மருந்துக்கு அடங்காத கிருமிகளை எதிர்கொள்ள நாட்டுக்கே வழிகாட்டும் ‘சென்னைப் பிரகடனம்’ பிறந்ததும் அங்கேதான்.

நான்காவது மாற்றம் காலத்திலும் கருவியிலும். பத்து நாள் வார்டில் கிடந்து, தையல் பிரித்த பிறகே வீடு திரும்பியது ஒரு காலம். இப்போது சிறுதுளை அறுவை முடிந்து மறுநாளே கிளம்பிவிடுகிறார்கள். இது நல்ல மாற்றம்தான். வார்டில் கூடுதலாகக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் வார்டுக் கிருமியோடு பழகும் நாள். ஆனால் லேப்ராஸ்கோப் கருவி மெல்லியது, நீண்டது, மூட்டுகள் நிறைந்தது; நீராவியில் வேகவைக்காமல் ரசாயனத்தில் ஊறவைத்து, பிறகு சாதாரணத் தண்ணீரில் அலசிப் பயன்படுத்தினால், அந்தத் தண்ணீரிலேயே வாழும் காசநோய்க் குடும்பத்துக் கிருமிகள் அதில் ஏறிக்கொள்கின்றன. பித்தப்பை எடுத்து, காயம் ஆறி, ஒரு மாதமோ அதற்கு மேலோ கழிந்த பிறகு தொப்புளருகே கட்டி கிளம்பி, மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டிவரும் இந்தத் தொற்று, இந்திய மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு தெளிந்து ஓடினாலும் கருவி அலசுவதற்கு அது போதாது. இந்த நான்கு மாற்றங்களும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன: தொற்று வரும் இடம் வார்டிலிருந்து வீட்டுக்கு நகர்ந்துவிட்டது. எண்ணும் ஏடோ வார்டிலேயே இருக்கிறது.

எண்ணியவர்கள் குறைத்தார்கள்

‘ஆயிரம் அறுவை செய்தால் சிலருக்கு வரத்தான் செய்யும்’ என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. அந்தச் ‘சிலர்’ எத்தனை பேர் என்று கேட்டவர்கள்தான் மருத்துவ வரலாற்றைத் திருப்பியிருக்கிறார்கள். 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோவில், வண்டிச் சக்கரம் காலில் ஏறி எலும்பு முறிந்து, தோலும் கிழிந்து வந்த 11 வயதுச் சிறுவனின் காயத்துக்கு ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கட்டினார். அப்படிப்பட்ட காயம் அழுகுவதும், காலை வெட்டுவதும், உயிர் போவதும் அன்று வழக்கம். சிறுவன் காலோடு நடந்து போனான். ஆனால் உலகம் நம்பியது அந்த ஒரு சிறுவனுக்காக அல்ல. 1864-லும் 1866-லும் தன் வார்டில் கால் கை வெட்டப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்தார்கள், புதிய முறைக்குப் பிறகு 1867 முதல் 1869 வரை 40 பேரில் 6 பேர் இறந்தார்கள் என்று லிஸ்டர் கணக்கை முன்வைத்தார். நோயாளிகளின் ஏழ்மையோ ஊரின் காற்றோ மாறவில்லை. மாறியது அறுவை செய்யும் முறை. அந்த மாற்றம் பலித்ததா என்பதைச் சொல்லும் சாட்சியாக எண்ணிக்கை நின்றது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். அம்பையிலிருந்து ஒரு மணி நேரச் சொச்சப் பயணத்தில் இருக்கிறது திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் தொடங்கிய அமைப்பின் கிளையாக 1988 முதல் இயங்குகிறது. கண்புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் கிருமி புகுந்தால் ஓரிரு நாளில் பார்வையே போய்விடலாம். அந்தத் தொற்று அரிதானது. அரிதானதை எண்ணாமல் கண்டுகொள்ளவே முடியாது. அரவிந்தின் 10 மருத்துவமனைகளில் 2011 முதல் 2016 வரை நடந்த 6,17,453 கண்புரை அறுவைகளை ஒன்றுவிடாமல் கணக்கில் எடுத்தார்கள். அறுவை முடியும் தறுவாயில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற மருந்தை ஒரே ஒரு முறை செலுத்தும் பழக்கம் வருவதற்கு முன் 3,02,815 கண்களில் 214-க்குத் தொற்று. வந்த பிறகு 3,14,638 கண்களில் 64-க்குத்தான். 0.07 சதவீதம் 0.02 ஆகிவிட்டது. அறுவையின் நடுவே கண்ணின் உட்சவ்வு கிழிந்துவிட்ட, ஆபத்து கூடிய கண்களிலும் 0.48 சதவீதம் 0.21 ஆகக் குறைந்தது. கட்டணம் செலுத்தியவர்கள், இலவசமாகச் செய்துகொண்டவர்கள் என்று இருசாராரும் இந்தக் கணக்கில் இருந்தார்கள். பத்தாயிரத்தில் ஐந்து கண்கள் கூடுதலாகக் காப்பாற்றப்பட்டதை, பத்தாயிரங்களை எண்ணியவர்களால்தான் அறிய முடிந்தது.

எண்ணாத, கவனிக்காத இடங்களில் என்ன நடக்கும் என்பதற்கும் இதே மாநிலத்தில் சான்று உண்டு. 2008-ல் விழுப்புரம் வட்டாரக் கிராமத்தினருக்கு நடந்த இலவசக் கண் அறுவை முகாமுக்குப் பிறகு 66 பேர் பார்வை இழந்தார்கள். விவகாரம் சிபிஐ விசாரணை வரை போனது. அண்மையில் வாணியம்பாடி. 2022 ஜூலைக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையில் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற மண்கிருமித் தொற்று 21 பேருக்கு வந்தது. வேலூர் சிஎம்சி மருத்துவர்களும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் தடம்பிடித்துப் போனபோது, அவர்களில் 10 பேர் ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்கள் என்று தெரிந்தது. அந்தப் பத்தில் 8 பேர் இறந்தார்கள். சுத்திகரிக்காத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, அரைகுறையாக மூடி, திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதே வழி என்று ஆய்வு முடிவு சொன்னது. சில ரூபாய் விலையுள்ள ஒரு பாட்டில். பெரிய மருத்துவமனை ஒன்றில் இந்த நோயாளிகள் ஒன்றாகச் சேர்ந்து, அங்கே ஒருவர் கணக்கைக் கோத்துப் பார்த்ததால்தான் கண்ணி கிடைத்தது. வெவ்வேறு ஊர்களுக்குச் சிதறியிருந்தால் எட்டு மரணங்கள் எட்டுத் தனித்தனிச் சோகங்களாகவே முடிந்திருக்கும்.

எழும் மறுப்புகள்

முதல் மறுப்பு பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு வருவது: ஐந்து நாள், ஏழு நாள் ஆன்டிபயாடிக் கொடுத்துத்தானே அனுப்புகிறோம், பிறகென்ன? 1961-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் பர்க் கினிப் பன்றிகளில் செய்த சோதனை இதற்கு அடிப்படைப் பதில் சொன்னது. கிருமி நுழையும் நேரத்தில் மருந்து திசுவில் தயாராக இருந்தால் தடுக்கும். சில மணி நேரம் பிந்திவிட்டால் கொடுத்தும் பெரிய பயனில்லை. 1992-ல் அமெரிக்காவில் 2,847 நோயாளிகளைப் பார்த்த ஆய்வும் கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களுக்கே தொற்று மிகக் குறைவு, 0.6 சதவீதம் என்றது. உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: கத்தி படுவதற்கு முன் கொடுங்கள், தடுப்புக்கென்று அறுவைக்குப் பிறகு நீட்டிக்காதீர்கள். அரவிந்தின் வெற்றியும் ஆன்டிபயாடிக்கால் வந்ததுதானே என்று கேட்கலாம். ஆம். ஒரே ஒரு முறை, சரியான நேரத்தில், சரியான இடத்தில் கொடுத்ததால் வந்தது. ‘நம் தியேட்டர்கள் அவ்வளவு சுத்தமில்லை, அதனால் நமக்கு ஏழு நாள் வேண்டும்’ என்ற வாதம் தலைகீழானது. தியேட்டரின் குறையை மாத்திரை மூடி மறைக்கும், சரிசெய்யாது. அதற்குள் நோயாளியின் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு இடம் காலியாகிவிடும்.

இரண்டாவது மறுப்பு வீடுகளிலும் வார்டுகளிலும் கேட்பது: ‘தையலில் தண்ணீர் பட்டுவிட்டது’, ‘பத்தியம் காக்கவில்லை’. நோயாளியைக் குற்றவாளியாக்கும் இந்தப் பேச்சு பெரும்பாலும் உண்மைக்கு எதிரானது. ஒழுங்காக மூடிய தையலின் மேல்தோல் ஏறத்தாழ இரண்டு நாளில் ஒட்டி அடைத்துக்கொள்கிறது. அறுவைத் தொற்றுகளில் பெரும்பகுதிக்குக் காரணமான கிருமி காயம் திறந்திருந்த நேரத்திலேயே உள்ளே போனது. நோயாளியின் சொந்தத் தோலிலிருந்தோ குடலிலிருந்தோ, அல்லது கருவி, கை, காற்று வழியாகவோ. ஆறாத தையலோடு ஆற்றில் முங்குவதும் வாய்க்காலில் இறங்கி வேலை செய்வதும் தவறுதான். அதைச் சொல்லி அனுப்ப வேண்டும். ஆனால் ‘சலம் வைக்கும்’ என்று பயந்து முட்டை, மீன், பருப்பை விலக்கி, ரசஞ்சோற்றில் ஒரு மாதம் ஓட்டவைப்பது தாய்க்குச் செய்யும் தீங்கு. புதுத் தசை வளரப் புரதம் வேண்டும். பத்தியம் காயத்தை ஆற்றும் என்று நம்பிச் செய்வது, ஏற்கெனவே ரத்தசோகையில் இருக்கும் உடலின் கையிலிருந்து ஆயுதத்தைப் பறிப்பதாகிவிடுகிறது.

மூன்றாவது மறுப்பு பணம். பெருநகர கார்ப்பரேட் மருத்துவமனைகளுக்கு ஆகும், தாலுகா ஊர்களுக்கு ஆகுமா? அண்மைக்கால ஆய்வுகள் இந்தக் கவலையைப் பெருமளவு தீர்த்துவைத்திருக்கின்றன. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 5,788 நோயாளிகளிடம் நடந்து 2021-ல் வெளியான ஃபால்கன் ஆய்வு, விலை கூடிய குளோர்ஹெக்சிடின் கரைசலும் கிருமிநாசினி பூசிய தையல் நூலும் நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் போவிடோன் அயோடினையும் சாதாரண நூலையும்விட மேலானவை அல்ல என்று கண்டது. அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்த சீட்டா ஆய்வு, இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 13,301 நோயாளிகளிடம், வயிற்றை மூடுவதற்கு முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றிக்கொள்ளும் எளிய பழக்கத்தைச் சோதித்தது. தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. குடல் அறுவையின்போது நோயாளியின் உடல் குளிர்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டதால் தொற்று 19 சதவீதத்திலிருந்து 6 ஆனதை 1996-லேயே ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. புது டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்த, ஒரு பக்கத் தாளில் அடங்கும் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் காயத் தொற்றை 6.2-லிருந்து 3.4 சதவீதமாக்கியது. இன்னும் ஒரு பழக்கத்தை நிறுத்தினால் பணமே மிஞ்சும்: முந்தைய இரவே பிளேடால் மழிப்பது. கனடாவின் கால்கரியில் பத்தாண்டுகள் எண்ணிய க்ரூஸும் ஃபூர்டும் 1980-ல் சொன்ன கணக்கில், மழித்தவர்களின் தூய காயங்களில் 2.5 சதவீதமும், மழிக்கவோ வெட்டவோ செய்யாதவர்களில் 0.9 சதவீதமும் தொற்றின. பிளேடு விடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில்தான் இரவெல்லாம் கிருமி பெருகுகிறது.

நான்காவது மறுப்புதான் உண்மையில் கனமானது, அதை மருத்துவர்கள் வெளிப்படையாகச் சொல்வதும் இல்லை. எண்ணினால் பெயர் கெடும். பெயர் கெட்டால் உறவினர் கூட்டம் வாசலில் நிற்கும், வழக்கு வரும். அதற்குப் பயந்து சர்க்கரை நோயாளியையும் முதியவரையும் ஏற்க மறுத்து ‘ஹைகிரவுண்டுக்குப் போங்கள்’ என்று அனுப்பிவிடுவார்கள். இந்த அச்சம் நியாயமானது. எண்ணிக்கையைத் தண்டனைக் கருவியாக்கினால் எண்ணிக்கை பொய்யாகிவிடும். அதற்கு வழி, ஒப்பிடத் தகுந்ததை மட்டும் ஒப்பிடுவது. தூய காயம், ஓரளவு மாசுபட்டது, மாசுபட்டது, ஏற்கெனவே சீழ் கொண்டது என்று அறுவைகளைப் பிரிக்கும் வகைப்பாடு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. நோயாளியின் உடல்நிலை, அறுவை நீடித்த நேரம் இவற்றையும் சேர்த்து ஆபத்தை மதிப்பிடும் எளிய அளவுகோலும் உண்டு. அவற்றை வைத்துப் பார்த்தால், குடல் வெடித்துக் கடைசி நேரத்தில் வரும் நோயாளிகளை ஏற்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும், திட்டமிட்டுக் குடலிறக்கம் சரிசெய்யும் சிறு மருத்துவமனையையும் ஒரே தராசில் ஏற்ற வேண்டியதில்லை. முதல் ஓரிரு ஆண்டுகள் எண்ணிக்கை அந்தந்த மருத்துவமனைக்குள்ளேயே இருக்கட்டும். மாவட்ட அளவில் மட்டும் மொத்தக் கணக்கு வெளிவரட்டும். நம்பிக்கை வந்த பிறகு மருத்துவமனைவாரியாக வெளியிடலாம். ஒருவருடைய தவறை வேட்டையாடுவதற்கும் ஒரு தியேட்டரின் பழக்கத்தைத் திருத்துவதற்கும் இடையிலான வேறுபாட்டை சட்டமும் சமூகமும் மதிக்க வேண்டும்.

யார் எண்ணுவது?

எண்ணுவதே மருந்தாகும் என்பதற்கு அமெரிக்காவில் 338 மருத்துவமனைகளை ஆராய்ந்து 1985-ல் வெளியான பெரும் ஆய்வு சான்று. கண்காணிப்பும் தடுப்பும் பயிற்சி பெற்ற செவிலியரும் இருந்து, அறுவைத் தொற்று விகிதத்தை அறுவை மருத்துவருக்கே திருப்பித் தெரிவித்த இடங்களில் மருத்துவமனைத் தொற்றுகள் 32 சதவீதம் குறைந்தன; அப்படியொன்றும் இல்லாத இடங்களில் அதே காலத்தில் கூடின. அதற்கு வேண்டிய ஆட்கள் நம்மிடம் இல்லையா? தமிழ்நாடு இந்தியாவிலேயே நல்ல நிலையில் இருக்கும் இடம் இது. கர்ப்பமான நாளிலிருந்து ஒவ்வொரு தாயும் பிக்மி எண்ணோடு பதிவாகிறார். பிரசவத்துக்குப் பின் தாயையும் சேயையும் பார்க்க கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வருகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. கட்டமைப்பு போட்டாகிவிட்டது, அதில் காயத்துக்கென ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். ஏழாம் நாள், பதினான்காம் நாள், முப்பதாம் நாள் கேட்கச் சில கேள்விகள் போதும்: தையலில் சிவப்போ வீக்கமோ சீழோ உண்டா, காய்ச்சல் வந்ததா, இதற்காக வேறு எங்காவது காட்டினீர்களா? பிரசவம் அல்லாத அறுவைகளுக்கு மருத்துவமனையிலிருந்தே ஒரு தொலைபேசி அழைப்பு போதும். பதில் அறுவை நடந்த மருத்துவமனைக்குத் திரும்பிப் போக வேண்டும். அது போகாவிட்டால் மற்ற எல்லாம் வெறும் படிவம் நிரப்பும் வேலை.

நோயாளியும் குடும்பமும் கேட்க வேண்டியவையும் உண்டு. திட்டமிட்ட அறுவை என்றால் சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை தள்ளிப்போடலாமா என்று கேளுங்கள். ரத்தசோகை இருந்தால் முன்கூட்டியே சரிசெய்யுங்கள். பீடி சிகரெட்டை நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்துங்கள். அறுவைக்கு முன் சோப்புப் போட்டுக் குளியுங்கள், வீட்டில் பிளேடு போடாதீர்கள். தடுப்பு மருந்து கத்தி படுவதற்கு முன் கொடுக்கப்படுமா என்று மரியாதையோடு கேட்பது யாருடைய தகுதியையும் குறைப்பதல்ல. வீடு திரும்பிய பின் காயம் சிவந்தாலோ, வலி குறைந்து மீண்டும் கூடினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ, மருந்துக்கடைக்குப் போகும் முன் அறுவை செய்த இடத்துக்கே சொல்லுங்கள். சீழை ஒரு முறை கல்ச்சருக்கு அனுப்பாமல் மருந்தை மாற்றி மாற்றிப் போடுவது இருட்டில் கல்லெறிவது போன்றது. நீங்கள் திரும்பிப் போய்ச் சொல்லும் அந்தச் செய்தி உங்கள் காயத்துக்கு மட்டும் உதவுவதல்ல. அடுத்த வாரம் அதே மேசையில் படுக்கப்போகும் ஒருவருக்கும் உதவும்.

நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பாத்தி பொய்த்துப்போனால் அதையும் எழுதி வைப்பார்கள். அந்தப் பதிவு இல்லாமல் அடுத்த ரகம் பிறக்காது. அம்பை வட்டாரத்தில் ஓர் ஆண்டு, சிசேரியன் என்ற ஒரே ஓர் அறுவையை மட்டும் எடுத்துக்கொண்டு, அரசு மருத்துவமனைகளும் தனியார் மருத்துவமனைகளும் சேர்ந்து 30 நாள் வரை எண்ணிப் பார்த்தால் போதும். முதல் எண்ணிக்கை கூடுதலாகத்தான் வரும். இதுவரை யாரும் தேடாததைத் தேடினால் அப்படித்தான் வரும். அதைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டாம், யாரையும் ஏச வேண்டாம். இரண்டாம் ஆண்டின் எண்ணிக்கையை முதலாம் ஆண்டோடு வைத்துப் பார்க்கும்போதுதான், கல்லிடைக்குறிச்சியிலோ கடையத்திலோ கைக்குழந்தையோடு வீடு திரும்பும் ஒரு தாயின் காயம் முன்பைவிட நன்றாக ஆறுகிறதா என்ற கேள்விக்கு இந்த ஊர் முதன்முறையாகச் சான்றோடு பதில் சொல்ல முடியும்.